கொஞ்சம் செவப்பா வரைஞ்சிடுங்க

படம் வரையச் சொல்லி வருகிறவர்கள் அதை முதலில் சொல்வதில்லை. எந்த அளவு, எத்தனை நாளாகும், ஃபிரேமும் நீங்களே போட்டுத் தருவீங்களா என்றெல்லாம் பேசி முடித்து, முன்பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பி நின்று சொல்வார்கள்: "கொஞ்சம் செவப்பா வரைஞ்சிடுங்க." சிலர் 'கலரா' என்பார்கள். இன்னும் சிலர் சுற்றி வளைத்து, "மூஞ்சி நல்லா பளிச்சுனு இருக்கட்டும்மா" என்பார்கள். பென்சில் படத்தில் செவப்பு ஏது, கலர் ஏது? இருப்பது சாம்பல் ஒன்றுதான். ஆனால் அவர்கள் கேட்பது என்னவென்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்துதான் வரைகிறேன். வடக்குப் பார்த்த சன்னல் ஒன்று இருக்கிறது, நாள் முழுக்க வெளிச்சம் அதிகம் மாறாது. என்னிடம் வரும் வேலையில் பெரும்பகுதி இறந்தவர்களின் முகம். காரியத்துக்குள் வேண்டும் என்று வருவார்கள், இல்லையென்றால் வருஷத் திதிக்கு. உயிரோடு இருந்தபோது தனக்கென்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளாதவர்கள் இந்தப் பக்கம் நிறைய. குறிப்பாகக் கிழவிகள். வாக்காளர் அட்டையை நீட்டுவார்கள், ஆதாரை நீட்டுவார்கள், பேத்தி கல்யாணத்தில் ஓரமாக நின்ற குரூப் போட்டோவைப் போனில் பெரிதாக்கிக் காட்டுவார்கள். கட்டைவிரல் நகம் அளவு முகம். நெற்றி வெளுத்துப்போய், கண் இரண்டும் குழியாகி, மூக்கும் உதடும் எங்கே சேர்கின்றன என்றே தெரியாமல் இருக்கும். அதிலிருந்து ஆளை மீட்க வேண்டும்.

செவப்பாக நான் வரைவதில்லை. இது வெறும் கொள்கைப் பிடிவாதம் என்று நினைத்து வருத்தப்பட்டவர்கள் உண்டு. கொள்கை பிறகு வந்தது. முதலில் இதைச் சொல்லித் தந்தது பென்சில்.

ஆயா இறந்தபோது நான் பிளஸ் டூ. மாந்தோப்பில் காய் பறிக்கப் போய், கேழ்வரகுக் காட்டில் களையெடுத்து, வெயிலிலேயே வாழ்ந்த உடம்பு. அடுப்புக்கரி நிறம். அவள் நிறம்தான் எனக்கும் வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எனக்குக் 'கரிக்கட்ட' என்று பெயர். உறவுக்காரர்கள் அவ்வளவு கொடூரமாகச் சொல்ல மாட்டார்கள். "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்பார்கள். அந்த 'இருந்தாலும்' எத்தனை வருஷம் என் காதுக்குள் கிடந்தது என்று சொன்னவர்களுக்குத் தெரியாது. ஆயாவின் படமாக வீட்டில் இருந்தது வாக்காளர் அட்டை மட்டும்தான். நான் நன்றாக வரைவேன் என்று பெயர் இருந்ததால், நானே உட்கார்ந்து வரைந்தேன். சார்ட் பேப்பர், பள்ளிக்கூடத்து எச்பி பென்சில், கடன் வாங்கிய 2பி ஒன்று. மூன்று ராத்திரி. முடித்து அப்பாவிடம் காட்டினேன்.

அப்பா வெகுநேரம் பார்த்தார். "நல்லாருக்கு கண்ணு" என்றார். பிறகு, "யாரு இது?" என்று கேட்டார்.

அவர் புண்படுத்தக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். மூக்கு, தாடை, காது வளர்ந்து தொங்கிய விதம் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. நான் அளந்து அளந்து போட்டிருந்தேன். ஆனால் அந்த முகம் வெள்ளைத் தாளின் நிறத்தில் இருந்தது. பெற்ற தாயை மகனுக்கு அடையாளம் தெரியவில்லை.

அப்படி வரைந்ததற்குக் காரணம் இரண்டு. ஒன்று பயம். கன்னத்தில் பென்சிலை இன்னொரு தடவை ஓட்டினால் கறுத்துவிடுமே, கறுத்தால் அசிங்கமாகிவிடுமே என்ற பயம். அதை நான் எங்கே கற்றேன் என்று இனிச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு காரணம் அந்த எச்பி பென்சில்.

பென்சிலுக்குள் இருப்பது கிராஃபைட் மட்டுமில்லை, அதில் பாதி கதை களிமண். கிராஃபைட் தூளையும் களிமண்ணையும் நீர் விட்டுப் பிசைந்து, குச்சியாகப் பிழிந்து, சூளையில் சுட்டு, பிறகு மெழுகில் ஊறவைத்து மரத்துக்குள் பொருத்துகிறார்கள். களிமண் கூடினால் குச்சி கடினமாகும், கோடு வெளிறும்: அது எச். கிராஃபைட் கூடினால் மெத்தென்று இருக்கும், கோடு கறுக்கும்: அது பி. எச்பி நடுவில் நிற்கிறது. கணக்குப் போட நல்லது. அதைக் கொண்டு எவ்வளவு அழுத்தினாலும் ஒரு அளவுக்கு மேல் கறுப்பு வராது, தாள்தான் பள்ளமாகும். என் ஆயாவின் நிறம் அந்தப் பென்சிலுக்குள்ளேயே இல்லை. அது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

களிமண் கலக்கும் இந்த முறை ஒரு போரில் பிறந்தது. இங்கிலாந்தின் வடக்கே பாரோடேல் என்ற மலைப்பள்ளத்தாக்கில் 16-ஆம் நூற்றாண்டில் சுத்தமான கிராஃபைட் கட்டி கட்டியாகக் கிடைத்தது. அந்த ஊர் ஆட்டுக்காரர்கள் அதை வைத்து ஆடுகளுக்கு அடையாளக் கோடு போட்டார்கள் என்கிறார்கள். போச்சம்பள்ளிச் சந்தைக்கு வரும் ஆடுகளின் முதுகில் சாயப் பொட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். 'இது என்னுடையது, தொலைந்தால் அடையாளம் தெரிய வேண்டும்' என்பதற்காகத்தான் அந்தக் கல்லை அந்த ஊர் மனிதர்கள் முதலில் கையில் எடுத்திருக்கிறார்கள். 1565-இல் கான்ராட் கெஸ்னர் என்ற சுவிட்சர்லாந்து அறிஞர், மரப்பிடிக்குள் அந்தக் கல்லைச் செருகிய எழுதுகோலைப் படத்தோடு வர்ணித்திருக்கிறார். பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுக்கு உள்பூச்சாகவும் அது பயன்பட்டதால் சுரங்கத்துக்குக் காவல் போட்டார்கள். 1752-இல் அதைத் திருடுவதைப் பெருங்குற்றமாக்கி ஆங்கிலேய நாடாளுமன்றம் சட்டமே போட்டது. பிறகு பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் போர் மூண்டு, பிரான்சுக்கு அந்தக் கல் வருவது நின்றுபோனது. 1795-இல் நிக்கோலா ஷாக் கான்டே என்பவர் கையில் இருந்த மட்டமான கிராஃபைட் தூளைக் களிமண்ணோடு சேர்த்துச் சுட்டு, இந்த முறையைக் கொண்டுவந்தார். உலகத்துப் பென்சில்கள் எல்லாம் இன்றைக்கும் அடிப்படையில் அந்த வழிதான்.

அந்தக் கல்லுக்குச் சொந்தப் பெயர் கிடைக்கவும் இருநூறு வருஷத்துக்கு மேல் ஆனது. ஈயத்தின் ஒரு வகை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1779-இல் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே என்ற வேதியியலாளர் அது கரியின், அதாவது கார்பனின், ஒரு வடிவம் என்று காட்டினார். 1789-இல் வெர்னர் என்ற ஜெர்மானியர் எழுதுதல் என்ற பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து கிராஃபைட் என்று பெயர் வைத்தார். நம்மிடம் அந்தக் குழப்பம் இன்னும் தீரவில்லை. காரீயம் என்றால் ஈயம், ஆனால் பென்சில் முனையையும் காரீயம் என்பவர்கள் உண்டு. "பென்சிலை வாயில வைக்காத, ஈயம் உள்ள போயிடும்" என்று எங்கள் டீச்சர் அதட்டியது இன்னும் கேட்கிறது. அதில் ஈயம் ஒரு துளியும் கிடையாது. இருப்பது கரி.

கரி என்று தெரிந்த நாளில் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? கரிக்கட்ட என்று என்னைக் கூப்பிட்டார்கள். அந்தக் கரிதான் என் விரலிடுக்கில் தினமும் இருக்கிறது.

அந்தக் கல்லைத் தேடிச் சீமைக்கெல்லாம் போக வேண்டியதில்லை. சிவகங்கைப் பக்கம் நம் பூமிக்குள்ளேயே கிராஃபைட் இருக்கிறது, தமிழ்நாடு கனிம நிறுவனம் அங்கே தோண்டிச் சுத்தம் செய்கிறது. செதில் செதிலாக இருக்கும் வகை. கிராஃபைட்டின் பெரும்பகுதி பென்சிலுக்குப் போவதில்லை. உலோகம் உருக்கும் மூசைகளுக்கும், உலைக்குள் அடுக்கும் தீச்செங்கல்லுக்கும் இன்னும் பலதுக்கும் போகிறது. உலோகமே இளகி ஓடும் சூட்டில் அது இளகாமல் நிற்கும். அவ்வளவு நெஞ்சுரம் உள்ள பொருள், ஒரு தாளின் மேல் இழுத்தால் பூ மாதிரி உதிர்கிறது. கரி அணுக்கள் அறுகோணமாகக் கைகோர்த்துத் தகடு தகடாக அடுக்கியிருப்பதால்தான் இந்த விந்தை. ஒரு தகட்டுக்குள் பிடிப்பு மிக உறுதி, தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே பிடிப்பு மிகத் தளர்ச்சி. நாம் கோடு போடும்போது தகடுகள் சறுக்கிச் சறுக்கித் தாளின் நாரில் மாட்டிக்கொள்கின்றன. 2004-இல் மான்செஸ்டரில் இரண்டு விஞ்ஞானிகள் ஒட்டும் டேப்பை வைத்தே கிராஃபைட்டை உரித்து உரித்து ஓரணுத் தகட்டைப் பிரித்தெடுத்தார்கள். 2010-இல் அதற்கு நோபல் பரிசு.

ஒரு முகம் வரைகிறவளுக்கு இந்தத் தகட்டுக் கதை படித்துவிட்டு மறக்கிற விஷயமில்லை. தகடு என்றால் மினுக்கம். தாளில் கிராஃபைட் ஏற ஏற, அழுத்தம் கூடக் கூட, தகடுகள் படுத்து ஒரே திசையில் சமமாகிக் கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். பென்சில் கலைஞர்கள் எல்லோரும் சபிக்கும் குணம் இது. நல்ல கறுப்பு என்று நினைத்துப் போட்ட கூந்தல், சன்னலுக்கு எதிரே மாட்டினால் வெள்ளியாகத் தெரியும். வெளுத்த முகம் வரைகிறவர்களுக்கு இது கூந்தலிலும் உடுத்தியிருக்கும் கறுப்புக் கோட்டிலும்தான் தொல்லை. கறுத்த முகம் வரைகிற எனக்கு முகம் முழுக்கத் தொல்லை.

கல்லூரிக் காலத்தில் நான் பார்த்துப் படித்த படங்கள் எல்லாம் ஐரோப்பிய முகங்கள். ஆங்கர் என்ற பிரெஞ்சு ஓவியர் 1806 முதல் ரோமில் இருந்தவர். நெப்போலியன் வீழ்ந்த பிறகு வருமானம் நின்று, அங்கே வந்த பயணிகளைப் பென்சிலில் வரைந்து கொடுத்துப் பிழைத்தார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும், வயிற்றுக்காக முகம் வரைந்தவர் என்பதாலும் பிடிக்கும். ஆடைக்கு நாலு கோடு, முகத்துக்கு மட்டும் மூச்சு விட்ட மாதிரி மெல்லிய நிழல். அந்த முகங்களில் தோலின் நிறம் என்பது தாளின் நிறம். பெரும்பகுதி தொடவே மாட்டார், தாளே தோலாகிவிடும். நான் அதை அப்படியே என் ஆயாவுக்குச் செய்யப் பார்த்திருக்கிறேன். அவர் வரைந்தவர்களின் தோல் தாளுக்குப் பக்கத்தில் இருந்தது. என் ஆயாவின் தோல் பென்சிலுக்குப் பக்கத்தில் இருந்தது. இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. எந்தப் பயிற்சிப் புத்தகமும் முதல் பக்கத்தில் "முகத்துக்கு 2எச் எடுத்து மெலிதாகத் தொடங்கு" என்றுதான் சொன்னது.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு காலத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த பெரியவர் ஒருவரைப் பார்க்கப் போனேன். பழைய படம் ஒன்றை எப்படிச் சரிசெய்வது என்று கேட்கப் போன இடத்தில், அவர் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து நெகட்டிவ் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு பெண்ணின் மார்பளவு படம். "மூஞ்சி மேல பாரும்மா" என்றார். சாய்த்துப் பிடித்தபோது கன்னத்திலும் நெற்றியிலும் ஏதோ மினுங்கியது. பென்சில் கோடுகள். கமா போட்ட மாதிரி நுணுக்கி நுணுக்கி நூற்றுக்கணக்கில்.

"ஃபிலிம் மேல மெலிசா ஒரு மருந்து தடவுவோம், பென்சில் பிடிக்கறதுக்கு. உப்புத்தாள்ல தேச்சு ஊசி மாதிரி முனை வெச்சிக்கினு, மூஞ்சி முழுக்க ஏத்துவோம். நெகட்டிவ்ல கறுப்பு ஏறுனா பிரிண்ட்ல வெளுத்துடும். சுருக்கம் போயிடும், தழும்பு போயிடும், ஆளும் செவப்பாயிடுவாங்க."

எனக்கு அந்த இடத்திலேயே உட்கார வேண்டும் போலிருந்தது. போட்டோவுக்கு முன்னால் பவுடர் அப்புவது எல்லோருக்கும் தெரிந்த கதை. அப்பா அம்மா கல்யாணப் படத்தில் அம்மாவின் கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். ஆனால் இது வேறு. நான் கையில் வைத்திருக்கிற அதே கரி, அதே பென்சில், முகத்தை வெளுப்பதற்காகக் கறுப்பாகவே ஏற்றப்பட்டிருக்கிறது. நம் வீடுகளில் மாட்டியிருக்கும் எத்தனையோ பழைய படங்களுக்குப் பின்னால் இருந்த நெகட்டிவில் இப்படி ஒரு பென்சில் போயிருக்கும். பெரியவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் வேலை அவ்வளவு நயமானது, என்னால் இன்றைக்கும் அவ்வளவு சிறிய கோடு போட முடியாது. வருகிறவர்கள் வாசலில் திரும்பி நின்று அவரிடமும் அதையேதான் கேட்டிருப்பார்கள். அவர் தன் கையில் இருந்த வித்தையால் அதைக் கொடுத்தார். நான் வீட்டுக்கு வரும் வழியில் முடிவு செய்தேன்: பென்சில் அந்த வேலையைப் போதுமான அளவு செய்துவிட்டது.

முடிவு செய்வது சுலபம். கறுத்த முகத்தைப் பென்சிலில் கொண்டுவருவது சுலபமில்லை. 6பி, 8பி வாங்கி அழுத்தி ஏற்றினேன். முகம் ஈரத் தகரம் மாதிரி ஆனது. விரலால் தேய்த்தேன், விரல் எண்ணெய் பட்டுத் திட்டுத் திட்டாக அப்பிக்கொண்டது. ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே.

வழி காட்டியது அப்பாவின் தொழில். அப்பா பர்கூர்ப் பக்கம் ஒரு கிரானைட் கம்பெனியில் பாலிஷ் வேலை பார்த்தவர். இந்த மாவட்டத்துக் கருங்கல்லுக்கு உலகம் முழுக்கக் கிராக்கி உண்டு. வியாபாரத்தில் கறுப்பு கிரானைட் என்கிறார்கள், நிலவியல் படித்தவர்களுக்கு அது டோலரைட் போன்ற வேறு வகைப் பாறை. வெட்டி வந்தவுடன் அந்தக் கல் சாம்பலாக, அழுக்காக, ஒன்றுமில்லாமல் இருக்கும். பாலிஷ் ஏற ஏறத்தான் கறுப்பு வெளியே வரும். பாலிஷ் போதுமா என்று எப்படிப் பார்ப்பீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "மேல இருக்கற ட்யூப்லைட்டு கல்லுக்குள்ள நெளியாம தெரியணும் கண்ணு. வெள்ளைக் கல்லுல அது அவ்ளோ தெரியாது. கறுப்புலதான் ஒரு மயிரிழை நெளிஞ்சாலும் காட்டிக் குடுத்துடும்."

அந்த ராத்திரி கண்ணாடிக்கு முன் பல்பை நகர்த்தி நகர்த்தி என் முகத்தையே பார்த்தேன். வெளுத்த முகத்தில் வடிவத்தைச் சொல்வது நிழல். மூக்கின் பக்கவாட்டு நிழல், கண்குழி நிழல், தாடைக்கு அடியில் நிழல். கறுத்த முகத்தில் அந்த நிழல்கள் தோலோடு கலந்து போய்விடுகின்றன, வடிவத்தைச் சொல்வது மினுக்கம். நெற்றியின் இரண்டு மேடுகளில், மூக்குத் தண்டில், கன்ன எலும்பின் மேல், கீழுதட்டின் நடுவில், வெளிச்சம் எங்கே விழுந்து எந்த வடிவில் வளைகிறதோ அதுதான் அந்த முகம். ஒவ்வொரு கறுத்த முகத்திலும் அந்த வெளிச்சத் துண்டுகளின் வடிவம் வேறு. என் ஆயாவுக்கு நெற்றி வெளிச்சம் இடது பக்கம் கொஞ்சம் பெரிதாக, அவரைக்கொட்டை மாதிரி இருக்கும். நினைவில் இருந்தது, ஆனால் அதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமலேயே பார்த்திருக்கிறேன். களை என்று நம் ஊரில் சொல்கிறார்களே, அது என்னவென்று வரைகிறவர்களைக் கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். கறுப்பாக இருந்தாலும் களை என்பது தப்பு. அந்தக் களை கறுப்பில்தான் நிற்கிறது.

இப்போது என் முறை இப்படி. வழுவழுப்பான ஐவரி ஷீட்டை விட்டுவிட்டேன். கொஞ்சம் சொரசொரப்பாக, கனமாக இருக்கும் கார்ட்ரிட்ஜ் தாள். அமிலம் சேராத தாளாகப் பார்த்து வாங்குகிறேன், ஏனென்றால் கிராஃபைட் வெயிலுக்கு வெளுக்காது, ஆனால் மட்டமான தாள் மரக்கூழில் இருக்கும் லிக்னின் காரணமாகப் பழுக்கும். ஆயாவின் அந்தச் சார்ட் பேப்பர் இன்றைக்கு மாம்பழத் தோல் நிறத்தில் இருக்கிறது, கோடுகள் அன்றைக்குப் போட்ட மாதிரியே இருக்கின்றன. முதலில் 2எச்சால் வெளிச்சத் துண்டுகளின் எல்லையை மட்டும் காற்றுப் படுவது போலக் குறித்துக்கொள்வேன். அவை தாளாகவே கடைசிவரை இருக்க வேண்டும். கூந்தலிலும் கண்மணியிலும் ஆழமான கறுப்பு வேண்டிய இடத்தில் மரக்கரிப் பென்சிலை முதலிலேயே போட்டுவிடுவேன். மரக்கரிக்குத் தகட்டு மினுக்கம் கிடையாது, வெளிச்சத்தைக் குடித்துவிடும். கிராஃபைட் போட்ட பிறகு மேலே போட்டால் வழுக்கிக்கொண்டு ஒட்டாது, அதனால் முந்த வேண்டும். பிறகு முகம். எச்பி, 2பி, 4பி என்று படிப்படியாக, சின்னச் சின்ன வட்டமாக, கையின் எடையைப் போடாமல், ஒரு அடுக்கின் மேல் ஒரு அடுக்கு. அழுத்தாவிட்டால் தகடு படுக்காது, சொரசொரப்பும் செத்துப்போகாது. ஒரு கன்னத்துக்கு ஒரு நாள் ஆகும். ஆனால் அழுத்தாமலே கறுப்பு வரும். அதில் மிச்சமாக நிற்கும் அந்தச் சின்ன மினுக்கம், நான் ஒழித்துக்கட்டப் பார்த்த அதே மினுக்கம், தோலில் வியர்வை படர்ந்த மாதிரி உயிரோடு இருக்கும். படத்தைச் சன்னலுக்கு நேர் எதிரே மாட்டாதீர்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புவேன்.

ரப்பரைப் பற்றி ஒரு வார்த்தை. 1770-ஐ ஒட்டித்தான் ரப்பர் பென்சில் கோட்டை அழிக்கும் என்று இங்கிலாந்தில் கண்டுகொண்டார்கள், அதுவரை ரொட்டித் துண்டால் ஒத்தியெடுத்தார்கள். நான் பிசையும் ரப்பரை வைத்து இன்றைக்கும் அந்த ரொட்டிக்காரர்கள் மாதிரி ஒத்தித்தான் எடுக்கிறேன். எவ்வளவு எடுத்தாலும் தொடாத தாளின் வெள்ளை திரும்ப வராது. நாருக்குள் போன தகடு போனதுதான்.

மல்லப்பாடியில் பாறை ஓவியங்கள் இருப்பதை இந்த மாவட்டத்துக்காரர்களிலேயே பலர் அறியமாட்டார்கள். கரிய பாறையில் வெள்ளைச் சாந்தால் மனிதர்கள், குதிரை மேல் ஆட்கள். இங்கே அந்தக் காலத்தில் படம் போட்டவர்களுக்கு அடித்தளம் கறுப்பு. வெள்ளைத் தாள் வெகு பின்னால் வந்தது. அப்பாவின் கம்பெனியில் கல்லறைக்கு முகம் செதுக்கும்போதும் அதே கதைதான்: பாலிஷ் போட்ட கருங்கல்லில் வைர முனையால் கீறக் கீற வெளிச்சம் மட்டும் வெளியே வரும், தொடாத இடமெல்லாம் தோல். வைரமும் கரிதான் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. தர்மபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கும் நடுகற்களையும் பலமுறை போய்ப் பார்த்திருக்கிறேன். வில்லும் வாளும் ஏந்திய வீரர்கள். ஆளுக்கு ஆள் முகம் வேறுபடவில்லை, ஆளைச் சொல்வது பக்கத்தில் வெட்டிய எழுத்து. மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்குப் பெயர் இருந்தது, முகம் தேவைப்படவில்லை. என்னிடம் வருகிற கிழவிகளுக்குக் கல்லில் எழுத்தும் கிடையாது. அவர்களுக்கு முகம் ஒன்றுதான் மிச்சம், அதையும் மாற்றிவிட்டால் பிறகு யாரை மாட்டி மாலை போடுவது?

சென்ற மாதம் பாரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மகளோடு வந்தார். அவர் மனைவி ஞாயிற்றுக்கிழமைதோறும் போச்சம்பள்ளிச் சந்தையில் புளி விற்றவர். படமாக இருந்தது பேரன் போனில் எடுத்த ஒரு செல்ஃபி. பேரன் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார் அந்த அம்மா. நல்ல படம், நல்ல வெளிச்சம். இப்படி அமைவதே அபூர்வம். மகள் வாசலில் நின்று அந்த வார்த்தையைச் சொன்னார். நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்: "அவங்க எப்படி இருந்தாங்களோ அப்படியே வரும்மா." பெரியவர் ஒன்றும் பேசவில்லை.

பதினாறு நாள் வரைந்தேன். கன்னம் இரண்டும் மேலே ஏறிச் சிரித்ததில் எலும்பின் மேல் இரண்டு வெளிச்சப் பிறை. ஒத்தக்கல் மூக்குத்தியில் ஒரு புள்ளி. அதைப் பென்சில் முனை பட்டுவிடாமல் பொத்திப் பொத்திக் காப்பாற்றினேன். என் கையில் இதுவரை வந்ததில் இது நல்ல படம் என்று எனக்கே தோன்றியது.

கண்ணாடி போடுவதற்கு முன் பார்த்துவிடட்டும் என்று வரச்சொன்னேன். பெரியவர் தனியாக வந்தார். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு, தொடாமல், குனிந்து பார்த்தார். வெகுநேரம் கழித்து நிமிர்ந்தார்.

"அவதாம்மா. ஆனா மூக்குத்தி அந்தப் பக்கம் இல்ல."

போனை எடுத்துப் பார்த்தேன். நான் வேலைக்காக முகத்தை மட்டும் வெட்டி எடுத்து வைத்திருந்தேன். முழுப் படத்தைத் திறந்தபோது, பின்சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியின் எழுத்துகள் இடவலம் மாறி இருந்தன. சில போன்கள் முன்கேமராவில் எடுப்பதைக் கண்ணாடியில் தெரிவது போலவே சேமித்துவிடும். எனக்குத் தெரிந்த விஷயம்தான், பார்க்காமல் விட்டுவிட்டேன். மாறியது மூக்குத்தி மட்டுமில்லை. வகிடு, உதட்டோர மச்சம், சிரிப்பில் எந்தக் கன்னம் கூடுதலாக ஏறும் என்பது, எல்லாமே. நான் வரைந்து வைத்திருந்தது அந்த அம்மா தினமும் பொட்டு வைக்கும்போது கண்ணாடியில் பார்த்த முகம். எதிரே உட்கார்ந்து இத்தனை வருஷம் இவர் பார்த்த முகம் அது இல்லை.

மன்னிப்புக் கேட்டேன். வேறு தாளில் வரைந்து தருகிறேன், திதிக்கு முன்னால் முடித்துவிடுவேன் என்றேன். தலையாட்டினார். கிளம்பும்போது, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, கேட்டுவிட்டேன். "நெறம் எப்படிங்க இருக்கு? பொண்ணு வேற மாதிரி சொல்லிட்டுப் போனாங்க."

"நெறத்துக்கு இன்னா," என்றார். "அவ நெறம் அதுதானே."

அவர் போன பிறகு புதுத்தாளைப் பலகையில் ஒட்டினேன். செல்ஃபியைத் திருப்பிப் பிரிண்ட் எடுத்து மேலே குத்திவைத்தேன், சுவர் நாள்காட்டியில் தேதி இப்போது சரியாகப் படித்தது. பழைய படத்தைக் கிழிக்க மனமில்லை, நிறம் பார்த்துப் போட உதவும் என்று பக்கத்திலேயே சாய்த்து வைத்தேன். 2எச்சைச் சீவி, இந்தத் தடவை நெற்றியில் தொடங்காமல் மூக்கில் தொடங்கினேன். வலது பக்கம், கல் இருக்க வேண்டிய இடத்தில், மிளகளவு ஒரு வட்டம். உள்ளே ஒன்றும் போடவில்லை. வெளியே சுற்றிலும் எச்பியை மெல்ல ஏற்றத் தொடங்கினேன்.